அல்சைமர்: ஆண் மூளையும் பெண் மூளையும் ஒரே மாதிரி சிதைவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அல்சைமர் நோய் குறித்துத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, இந்நோய் பெண்களிடம் அதிகம் காணப்படுவதற்கு அவர்களின் நீண்ட ஆயுளே காரணம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டது. அந்த வரியில் தவறில்லை, ஆனால் அது பாதி விளக்கம்தான். மீதி, மூளைத் திசுவுக்குள் இருக்கிறது. இறந்தோரின் மூளையை வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் நரம்பு நோய்க்குறியியல் துறையைச் சேர்ந்தவர்கள் என்ற முறையில் அந்த மீதியைத் தங்கள் வாசகர்களுக்கு எழுதுகிறோம்.

ஆயுள் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். 45 வயதைத் தொட்ட ஒருவருக்கு எஞ்சிய வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு, பெண்ணானால் ஐந்தில் ஒன்று, ஆணானால் பத்தில் ஒன்று என்பது அங்குள்ள நீண்டகால ஆய்வுகளின் மதிப்பீடு. எண்பதைத் தாண்டியவர்களில் பெண்களே அதிகம் என்பதால் இந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி விளங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. இதய நோய்க்கு ஆளாகக்கூடிய ஆண்கள் பலர் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இறந்துவிடுகிறார்கள். எண்பதுவரை வந்து சேரும் ஆண்கள், பெரும்பாலும் இரத்தக் குழாய்கள் நல்ல நிலையில் உள்ளவர்கள். அவர்களோடு எல்லா வகைப் பெண்களையும் சேர்த்து ஒப்பிட்டால் பெண்களின் நிலை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். எனவே வயதையும், இப்படித் தப்பிப் பிழைத்தவர்களால் வரும் கோளாறையும் கழிக்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. வயதைச் சமன்செய்து பார்த்த பிறகும் மறையாமல் நிற்பது ஒன்று: பெண்களின் மூளையில் டாவ் முடிச்சுகள் அதிகம்.

அல்சைமர் மூளையில் சேரும் புரதங்கள் இரண்டு. பீட்டா அமிலாய்டு, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளாகத் தங்குகிறது. டாவ், நரம்பணுவுக்கு உள்ளே நுண்குழல்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய புரதம். அதன்மீது பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறும்போது அது குழலிலிருந்து கழன்று, இழை இழையாக முறுக்கிக்கொண்டு முடிச்சாகிறது. அமிலாய்டு அளவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. உயிரோடு இருப்பவர்களிடம் எடுக்கப்படும், மூளையில் சேர்ந்த புரதத்தைப் படமாகக் காட்டும் பெட் ஸ்கேன்களும் பெரும்பாலும் இதையே காட்டுகின்றன. வேறுபாடு டாவில்தான். ஒருவரின் நினைவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதோடு நெருக்கமாகப் பொருந்துவதும் படிவு அல்ல, முடிச்சுதான். ஆகவே இது ஆய்வகத்தோடு முடிந்துபோகிற விஷயமில்லை.

2005-இல் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். கத்தோலிக்கத் துறவியர், குருக்கள் ஆகியோர் ஆண்டுதோறும் சோதனைக்கு உட்பட்டு, இறந்தபின் மூளையைத் தானம் செய்ய ஒப்புக்கொண்ட ஆய்வு அது. 64 ஆண்கள், 77 பெண்கள், ஆக 141 மூளைகள். பெண்களின் மூளையில் நோய்ச் சிதைவு அதிகமாக இருந்தது. அதற்கு முக்கியக் காரணம் முடிச்சுகள். அதைவிட முக்கியமானது அடுத்த கண்டுபிடிப்பு. மூளைச் சிதைவு ஓர் அலகு கூடும்போது, உயிரோடு இருந்தபோது அல்சைமர் என்று கண்டறியப்பட்டிருக்கும் சாத்தியம் ஆண்களில் ஏறத்தாழ 3 மடங்கு உயர்ந்தது, பெண்களில் 22 மடங்குக்கு மேல். எண்ணிக்கை குறைவான ஆய்வு என்பதால் 22 என்ற இலக்கத்தை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவு: அதே அளவு சிதைவு, பெண்ணிடம் நோயாக வெளிப்படுவதற்கான வாய்ப்பு அதிகம். 2018-இல் இதே குழு 1,453 மூளைகளை வைத்துப் பார்த்தபோதும் முடிச்சுகளின் அடர்த்தி பெண்களிடமே கூடுதலாக இருந்தது.

நோய் தொடங்கும் முன்பே இந்த வேறுபாடு தெரிகிறது. நினைவாற்றல் இயல்பாக இருந்த முதியவர்களை டாவ் பெட் ஸ்கேனில் பார்த்த ஆய்வு 2019-இல் வெளியானது. அமிலாய்டு அதிகமுள்ளவர்களுக்குள் ஒப்பிட்டபோது, மூளையின் மேலடுக்கான புறணியில், என்டோரைனல் புறணி என்ற இடத்தில் பெண்களிடம் டாவ் கூடுதலாக இருந்தது. முடிச்சுகள் முதலில் தலைகாட்டும் இடங்களில் ஒன்று அதுதான். அங்கிருந்து நினைவைப் பதியவைக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸ், பிறகு புறணியின் மற்ற பகுதிகள் என்று அவை பரவும் ஒழுங்கை ஹைக்கோ பிராக், ஏவா பிராக் இருவரும் 1991-இல் ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். இன்றும் உலகம் முழுக்க மூளை அறிக்கைகள் அந்த ஆறு நிலைகளில்தான் எழுதப்படுகின்றன.

அங்கேயே ஒரு சிக்கலும் தொடங்குகிறது. சில ஆய்வுகள் ஆண்-பெண் வேறுபாடு இல்லை என்று சொல்வதை வாசகர்கள் எங்காவது படித்திருக்கலாம். முரண்பாட்டில் கணிசமான பகுதி அளக்கும் முறையிலிருந்து வருகிறது என்பது எங்கள் கருத்து. பிராக் நிலை, முடிச்சு எதுவரை பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஐந்தாம் நிலை என்று ஒரே எண் எழுதப்பட்ட இரண்டு மூளைகளில் முடிச்சுகளின் அடர்த்தி பல மடங்கு வேறுபடலாம். நிலையை மட்டும் ஒப்பிட்டவர்களுக்கு வேறுபாடு தெரியாமல் போகும். ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை என்று எண்ணியவர்களுக்குத் தெரியும். எண்ணும்போதும் கவனம் வேண்டும். சுருங்கிய புறணியில் அதே எண்ணிக்கையிலான முடிச்சுகள் நெருங்கி நிற்கும் என்பதால், சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் அடர்த்தி பொய்யாக உயரும்.

சாயமேற்றுவதிலும் தவறுகள் நுழையும். நரம்பணு செத்த பிறகு அதற்குள்ளிருந்த முடிச்சு மட்டும் வெற்று உருவமாக வெளியே தங்கும். ஏடி8 என்ற எதிர்ப்பொருள் (குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டி அதைக் காட்டிக்கொடுப்பது), உயிருள்ள அணுவுக்குள் இருக்கும் பாஸ்பேட் ஏறிய டாவை நன்றாகப் பிடிக்கும். இந்த வெற்று முடிச்சுகளை அவ்வளவாகப் பிடிக்காது. வெள்ளிச் சாயமோ தயோஃப்ளேவினோ போட்டால் அவை தெரியும். நோய் முற்றிய ஹிப்போகேம்பஸில் ஏடி8-ஐ மட்டும் நம்பினால், எங்கே அழிவு மிக அதிகமோ அங்கேயே எண்ணிக்கை குறைந்து காட்டும். பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் மூளையை வைத்திருக்கும் காலமும் முக்கியம். இரண்டு வாரம் ஊறியதும் பல மாதம் ஊறியதும் ஒரே சாயத்தை ஒரே அளவில் ஏற்காது. தானமாக வரும் மூளைகளைப் பாதுகாக்கும் ஒரு மூளை வங்கியில் ஆண்களின் மூளைகள் ஒரு காலத்திலும் பெண்களின் மூளைகள் வேறொரு காலத்திலும் அதிகம் சேர்ந்திருந்தால், ஊறிய காலத்தின் வேறுபாடு பாலின வேறுபாடாக வேடம் போட்டுக்கொள்ளும். ஸ்கேனிலும் இதற்கு இணையான பிழை உண்டு. ஆண் மூளை சராசரியாகப் பெண் மூளையைவிடப் பத்து சதவீதம் அளவுக்குப் பெரியது. ஹிப்போகேம்பஸின் கன அளவை மண்டையோட்டு உட்கன அளவோடு சரிசெய்யாமல் ஒப்பிட்டால், ஆரோக்கியமான பெண்ணின் ஹிப்போகேம்பஸ்கூடச் சுருங்கியதாகத் தோன்றும்.

இதைப் பெண்களின் பிரச்சினை என்று மட்டும் புரிந்துகொண்டால் ஆண்களுக்கு அநீதி. முடிச்சுகள் எங்கே குவிகின்றன என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 2011-இல் 889 அல்சைமர் மூளைகளை மூன்று வகையாகப் பிரித்தது. 75 சதவீதம் வழக்கமான வகை. 14 சதவீதத்தில் முடிச்சுகள் ஹிப்போகேம்பஸ் சார்ந்த லிம்பிக் பகுதியிலேயே குவிந்திருந்தன. இவர்களில் 69 சதவீதம் பெண்கள். இறந்த வயது சராசரியாக 86. மீதி 11 சதவீதத்தில் ஹிப்போகேம்பஸ் பெரிதும் தப்பித்து, புறணி அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது. இவர்களில் 63 சதவீதம் ஆண்கள். இறந்த வயது சராசரியாக 72, நோய் ஓடிய வேகமும் அதிகம்.

இந்தக் கடைசி வகையில்தான் நோய் தவறவிடப்படுகிறது. அறுபது வயது ஆண், பேச்சில் சொல் கிடைக்காமல் திணறுகிறார், அல்லது குணம் மாறுகிறது, அல்லது பொருள் இருக்கும் இடத்தைக் கண்ணால் கணிக்கத் தடுமாறுகிறார். நேற்று நடந்ததைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுகிறார். மறதி இல்லையென்றால் அல்சைமர் இல்லை என்று நினைக்கும் மருத்துவர், மனநோய் என்றோ முன்மூளைச் சிதைவு என்றோ எழுதிவிடுகிறார். 2018-இல் அதே மையத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, இளம் வயதில் நோய் வந்த ஆண்களிடம் இப்படிப்பட்ட மாறுபட்ட வடிவங்கள் அதிகம் என்றும், உயிரோடு இருக்கையில் நோய் தவறாகக் கண்டறியப்படுவதும் அவர்களிடம் கூடுதல் என்றும் காட்டியது. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் அமிலாய்டு படிவதும் லூயி உருண்டை என்ற வேறொரு புரதத் திரட்டால் வரும் மறதிநோயும் ஆண்களிடம் அதிகம் பதிவாகியுள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. அலாய்ஸ் அல்சைமர் 1906-இல் விவரித்த முதல் நோயாளி அகுஸ்தெ டெட்டர் என்ற பெண். அவர் மூளையில் படிவுகளும் இருந்தன, முடிச்சுகளும் இருந்தன. 1911-இல் அல்சைமர் விரிவாக எழுதிய நோயாளி யோஹான் எஃப். என்ற ஆண். அவர் மூளையில் படிவுகள் ஏராளம், முடிச்சுகள் இல்லை. பாதுகாக்கப்பட்டிருந்த அந்தத் திசுக்களை 1990-களில் மறுபடி பார்த்தபோதும் அதுவே உறுதியானது. இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன என்பது இந்நோயின் தொடக்கத்திலேயே கண்ணாடித் தகட்டில் பதிந்திருக்கிறது.

இனி, உயிரோடு இருப்பவர்களுக்கு உடனடியாகப் பயன்படும் விஷயத்துக்கு வருகிறோம். நினைவாற்றல் சோதனையில் பரவலாகப் பயன்படுவது சொற்பட்டியல் முறை. தொடர்பில்லாத 15 சொற்களை, நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில் வாசித்து, நினைவிலிருந்து சொல்லச் சொல்வார்கள். இதை ஐந்து முறை செய்வார்கள். பிறகு வேறு 15 சொற்கள் ஒருமுறை. உடனே, முதல் பட்டியலை வாசிக்காமலே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 20 முதல் 30 நிமிடம் கழித்து மீண்டும் ஒருமுறை. அந்த இடைவெளியில் மொழி சார்ந்த வேறு சோதனை எதையும் வைக்கக்கூடாது. வைத்தால் சொற்கள் கலந்து மதிப்பெண் குறையும்.

வாய்மொழி நினைவில் பெண்கள் வாழ்நாள் முழுவதும் ஆண்களைவிடச் சராசரியாக மேலே இருக்கிறார்கள். இந்த மேல்நிலை நோயின் ஆரம்பத்திலும் தொடர்கிறது. ஹிப்போகேம்பஸ் அதே அளவு சுருங்கியிருந்தாலும் பெண் கூடுதல் சொற்களை நினைவுகூர்வார். இருபாலருக்கும் ஒரே வெட்டு மதிப்பெண் (இதற்குக் கீழே போனால் குறைபாடு என்ற எல்லை) வைத்தால், நோய் தொடங்கிவிட்ட பெண் “இயல்பு” என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். நோயில்லாத ஆண் சிலருக்கு “லேசான அறிவாற்றல் குறைபாடு” என்று முத்திரை விழும். பாலினவாரியான வெட்டு மதிப்பெண்ணோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, இரு பக்கமும் சுமார் பத்து சதவீதம் பேர் இப்படி இடம் மாறுவதைக் காட்டியது. பிறகு அந்தப் பெண்ணை அதுவரை தாங்கிய கூடுதல் நினைவுத்திறன் தீர்ந்ததும் சரிவு வேகமாக நடக்கிறது. “போன வருஷம்கூட டாக்டர் ஒன்றும் இல்லை என்றாரே” என்று குடும்பம் திகைப்பது இதனால்தான். வயது, படிப்பு ஆகியவற்றோடு பாலினத்தையும் சேர்த்துத் தயாரித்த மதிப்பெண் அட்டவணையைத்தான் பயன்படுத்தினார்களா என்று குடும்பத்தினர் தயங்காமல் கேட்கலாம். ஓராண்டு இடைவெளியில் அதே சோதனையின் மாற்றுப் பட்டியலை வைத்து, அவருடைய சொந்தப் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது இன்னும் நல்லது.

காரணங்களைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லக்கூடியவை குறைவு. ஏபோஇ-4 மரபணு வகை நோய் வாய்ப்பை உயர்த்துவது 1993 முதல் தெரியும். சுமார் 58,000 பேரின் தரவை 2017-இல் தொகுத்தபோது, 55 முதல் 85 வயதுவரை மொத்தமாகப் பார்த்தால் அந்த வாய்ப்பு இருபாலருக்கும் ஒன்றாகவே இருந்தது. 65 முதல் 75 வரை மட்டும் பெண்களுக்குக் கூடுதலாக இருந்தது. 2022-இல் வந்த இன்னொரு தடயம் யூஎஸ்பி11 என்ற நொதி. கழிக்கப்பட வேண்டிய புரதத்தின்மீது செல் ஒட்டும் உபிக்விட்டின் அடையாளத்தை இது டாவிலிருந்து நீக்கிவிடுகிறது. டாவ் வெளியேறாமல் தங்குகிறது. இந்த நொதியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களின் இரண்டு எக்ஸ்களில் ஒன்று அணைக்கப்பட்டாலும் இந்த மரபணு முழுதாக அணைவதில்லை, அதனால் பெண்களிடம் இதன் அளவு கூடுதல். எலிகளில் இந்த மரபணுவை நீக்கியபோது டாவ் குறைந்தது. எலி ஆய்வுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பரவலாகப் பயன்படும் 5எக்ஸ்ஃபேட் வகை எலிகளில் பெண் எலிகளுக்கு அமிலாய்டு அதிகம் என்று அடிக்கடி படிக்கலாம். அங்கே நோய் மரபணுவை இயக்கப் பொருத்தியிருக்கும் மரபுத்துண்டே ஈஸ்ட்ரோஜனுக்கு எதிர்வினை காட்டக்கூடியது. அந்த வேறுபாட்டை அப்படியே மனித மூளைக்குக் கொண்டுவர முடியாது.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் காரணம் என்றால் மாத்திரை கொடுத்தால் போதுமே என்று தோன்றும். 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 65 வயதைக் கடந்த 4,532 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையையோ மருந்தில்லாத வெறும் மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தது. மறதிநோய் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் 22, ஹார்மோன் எடுத்தவர்களில் 45, அதாவது இரட்டிப்பு. 2023-இல் வந்த டாவ் ஸ்கேன் ஆய்வில், மாதவிடாய் நின்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஹார்மோன் தொடங்கியவர்களிடம் டாவ் கூடுதலாக இருந்தது. வெப்ப அலை, தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்காக ஐம்பதையொட்டிய வயதில் மருத்துவர் தரும் ஹார்மோன் வேறு விஷயம். அதற்கு இந்த முடிவுகளைக் காட்டிப் பயமுறுத்தக்கூடாது. ஆனால் அல்சைமரைத் தடுப்பதற்கென்று எழுபது வயதில் ஹார்மோன் தொடங்குவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இதைத் தங்கள் பக்கத்தில் தெளிவாக அச்சிட்டால் பலருக்கு உதவும்.

புதிய மருந்துகளிலும் பாலினக் கேள்வி கிளம்பியிருக்கிறது. லெக்கனெமாப், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் இரு வாரத்துக்கு ஒருமுறை இரத்த நாளத்தில் ஏற்றப்படும் மருந்து. 1,795 பேர் பங்கேற்ற 18 மாத ஆய்வில் நோயின் சரிவை 27 சதவீதம் மந்தப்படுத்தியது என்பதுதான் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. ஆய்வுக் கட்டுரையின் இணைப்பு அட்டவணையில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன: ஆண்களில் 43 சதவீதம், பெண்களில் 12 சதவீதம். பாலினவாரியாக விடை காணும்படி அந்த ஆய்வு வடிவமைக்கப்படவில்லை. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் உயிரியல் ரீதியாக நினைத்துப் பார்க்கத்தக்க விளக்கம் இருக்கிறது. இவ்வகை மருந்து அமிலாய்டைத்தான் அகற்றுகிறது. டொனானெமாப் என்ற இன்னொரு அமிலாய்டு மருந்தின் 2023 ஆய்வில், டாவ் குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களுக்கு 35 சதவீதப் பலன் கிடைத்தது. டாவ் மிகுந்தவர்களையும் சேர்த்தபோது அது 22 சதவீதமாக இறங்கியது. சோதனையில் ஒரே மதிப்பெண் வாங்கும் ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால், பெண்ணின் மூளையில் டாவ் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் அவர் மருந்துக்குத் தாமதமாக வந்து சேர்கிறார் என்று பொருள். இதைத் தனி ஆய்வு வைத்துத் தீர்க்க வேண்டும்; பெண்களுக்கு மருந்து மறுக்க இதைச் சாக்காக்கக்கூடாது.

ஆகவே தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அல்சைமர் மருந்து குறித்து எழுதும்போது சராசரி எண்ணோடு ஆண்களுக்கான எண், பெண்களுக்கான எண் இரண்டையும் கேட்டு வாங்கி, ஏபோஇ-4 உள்ளவர்களில் மருந்தின் பக்கவிளைவாக வரும் மூளை வீக்கமும் நுண் இரத்தக் கசிவும் எவ்வளவு என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். பாஸ்பேட் ஏறிய டாவை இரத்தத்தில் அளக்கும் பி-டாவ்217 பரிசோதனை பற்றி எழுதினால், சிறுநீரகம் பழுதானவர்களிடம் அந்த அளவு நோயில்லாமலும் உயரும் என்பதையும், உடல் பருமன் அதைத் தாழ்த்திக் காட்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

மூளைத் தானத்துக்கு ஒப்புதல் தரும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூளை வங்கிகளுக்கு வரும் பெண்களின் மருத்துவக் குறிப்புகளில் இரத்த அழுத்தம், சர்க்கரை, படிப்பு எல்லாம் இருக்கும். மாதவிடாய் எந்த வயதில் நின்றது, கருப்பைகூடச் சூலகங்களும் அகற்றப்பட்டனவா, எந்த வயதில், ஹார்மோன் எடுத்திருந்தால் எப்போது தொடங்கி எப்போது நிறுத்தினார், எத்தனை பிள்ளைப்பேறு என்பவை பெரும்பாலும் வெற்றிடமாகவே இருக்கும். இறந்தபின் கணவரையோ மகனையோ கேட்டால் தெரிவதில்லை. படிவத்தில் கையெழுத்திடும் நாளிலேயே, தானம் தருபவர் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே, இந்த நான்கையும் கேட்டு எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
நரம்பு நோய்க்குறியியல் ஆய்வாளர்கள் இருவர்